தடைக்காலத்தில் துடுப்பு வலித்து மீன்பிடிப்பது: சட்டமும் காற்றும் வலையும்

கேள்வி இது: மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் இரண்டு மாதத்தில், இன்ஜின் இல்லாத கட்டுமரமும் வள்ளமும் கடலுக்குப் போகலாமா? போனால் எவ்வளவு தூரம் போக முடியும், எந்த வலை, என்ன மீன், எங்கே சிக்கல் வரும்?

போகலாம். தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில், திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து கன்னியாகுமரி நகரம் வரை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. கன்னியாகுமரிக்கு மேற்கே நீரோடி வரையிலான மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. 2001-ல் இங்கே 45 நாளாகத் தொடங்கியது, 2017-ல் 61 நாளானது. 12 கடல் மைலுக்கு அப்பால் உள்ள கடலுக்கு மத்திய அரசு ஆண்டுதோறும் போடும் ஆணையில், இன்ஜின் இல்லாத பாரம்பரியக் கலங்களுக்கு வெளிப்படையாகவே விலக்கு உண்டு. 12 மைலுக்குள் மாநிலச் சட்டம். தமிழ்நாட்டில் அது 1983-ஆம் ஆண்டு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். தடை குறிவைப்பது விசைப்படகையும் அது இழுக்கும் மடி என்ற இழுவலையையும்தான். துடுப்புக்காரர்களின் நிஜமான தொழில்வெளியான கரையோர 3 கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர், ஆண்டு முழுவதுமே விசைப்படகு நுழையக் கூடாத இடம். ஏட்டில் அப்படி. தடைக்காலத்தில்தான் ஏட்டில் உள்ளது கடலிலும் நடக்கிறது.

வெளியே பொருத்தும் அவுட்போர்டு இன்ஜின் மாட்டிய ஃபைபர் படகுகள் பற்றிக் குழப்பம் உண்டு. கரையோரத்தில் அவையும் தொழில் செய்வது வழக்கம்தான். ஆனால் 12 மைலுக்கு அப்பால் விலக்கு இன்ஜின் இல்லாத கலத்துக்கு மட்டும். உங்கள் மாவட்ட மீன்வளத் துறை அந்த ஆண்டு வெளியிடும் அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள், பக்கத்துப் படகுக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். இன்னொன்று: தடைக்கால விலக்கு மற்ற எல்லாச் சட்டத்துக்கும் விலக்கு ஆகாது. மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி துடுப்புப் போட்டுப் போனாலும் குற்றம் குற்றம்தான். கடல் அட்டை 2001-லிருந்து பாதுகாக்கப்பட்ட உயிர், கையால் பொறுக்கினாலும் வழக்கு வரும்.

சட்டத்தை இத்தோடு விடலாம். துடுப்புத் தொழிலில் உண்மையான எல்லையைப் போடுவது கையும் நீரோட்டமும்.

இரண்டு பேர் துடுப்புப் போட்டால் சரக்கோடு மணிக்கு மூன்று, நாலு கிலோமீட்டர் போகலாம். 3 கடல் மைல் ஓட ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம். மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்தில் எதிர் நீரோட்டம் இருந்தால் வேகம் பாதியாகும். அதனால் பெரும்பாலும் 5 முதல் 15 பாகம் ஆழத்துக்குள்ளேயே தொழில் முடியும். ஒரு பாகம் என்பது இரண்டு கையை விரித்த நீளம், ஏறக்குறைய ஆறடி. பாக் நீரிணையில் இந்த ஆழம்கூடக் கிடையாது. அங்கே பல மைல் போனாலும் ஐந்தாறு பாகம்தான், கரையோரத்தில் துடுப்பைவிட நீளக் கம்பை ஊன்றித் தள்ளுவதே சுலபம்.

சோழமண்டலக் கரையில் ஏப்ரல், மே மாதங்களில் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். சென்னைப் பக்கம் இதைத் தெண்டி என்பார்கள், எதிர்த்திசையில் ஓடுவது வன்னி. இந்த ஒரு விஷயம் தெரியாமல் போகிறவர் மாலையில் நாலு ஊர் தள்ளிக் கரையேறுவார். கணக்கு சுலபம்: மணிக்கு ஒரு கடல் மைல் தெண்டியில் வலையை நாலு மணி நேரம் மிதக்கவிட்டால், வலையும் கலமும் ஏழு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போயிருக்கும். அதனால் முதலில் கரையை ஒட்டியே தெற்கே வலிக்க வேண்டும். கரையருகே நீரோட்டம் இளைப்பாக இருக்கும். போதுமான தூரம் தெற்கே ஏறிய பிறகு கடலை நோக்கித் திரும்பி வலை விடுவது, அப்படியே மிதந்து ஊருக்கு நேரே வருவது. நீரோட்டத்தின் பலத்தைப் பார்க்க ஈயக்குண்டு கட்டிய கயிற்றை அடிக்கு இறக்குங்கள். கயிறு செங்குத்தாக நின்றால் வலை விடலாம். நன்றாகச் சாய்ந்தால் அடியில் போடும் வலை அன்றைக்குப் படுத்துவிடும், மிதவை வலையோ தூண்டிலோதான் வழி.

காற்றைப் பொறுத்தவரை, இரவின் பின்பாதியில் கரையிலிருந்து மேல்காற்று மெல்ல வீசும். அதிகாலை மூன்று நாலு மணிக்கு இறங்கினால் அதுவே வெளியே தள்ளிக்கொண்டு போகும். முற்பகலுக்கு மேல் கடற்காற்று எழும், பாய் இருந்தால் விரித்துக்கொண்டு திரும்பலாம். மே கடைசியிலும் ஜூனிலும் இந்த ஒழுங்கு கெடும். தென்மேற்குப் பருவம் நெருங்கும்போது மேற்கிலிருந்து வரும் கச்சான் பகலிலும் விடாமல் அடிக்கும், கடற்காற்று மதியம் இரண்டு, மூன்று மணி வரை வராது, சில நாள் வரவே வராது. துடுப்புக்காரரைக் கொல்லக்கூடிய காற்று இதுதான். கரைக்குப் பக்கத்தில் கடல் தட்டையாக, அமைதியாகத் தெரியும், ஏனென்றால் காற்று கரையிலிருந்து வீசுகிறது. வெளியே போகப் போகத்தான் அலை எழும், திரும்பும்போது முகத்துக்கு நேரே காற்று. விடியற்காலையிலேயே கச்சான் மரக்கிளையை ஆட்டுகிறது என்றால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள்.

ராமேசுவரம், பாம்பன் பக்கம் இன்னொரு வசதி இருக்கிறது. தீவுக்கு வடகடல், தென்கடல் என்று இரண்டு கடல். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கமான தென்கடல் கொந்தளிக்கும். அப்போது வடகடல் தீவின் மறைவில் ஓரளவு அடங்கிக் கிடக்கும். அதனால் சிறு கலங்கள் வடகரைக்கு மாறிவிடும். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்ற முறை மற்ற மாதங்களில் உண்டு. தடைக்காலத்தில் ஏழு நாளும் கடல் நாட்டுப்படகுக்குத்தான். தனுஷ்கோடிப் பக்கம் மட்டும் நீரோட்டத்தில் எல்லைக்கோட்டை நோக்கி நழுவாமல் கவனமாக இருக்க வேண்டும். இன்ஜின் இல்லாத கலம் நழுவ ஆரம்பித்தால் நங்கூரம் ஒன்றுதான் பிரேக்.

கலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரக் கட்டுமரம் என்பது 5 முதல் 8 மீட்டர் நீளமுள்ள மிதமரங்களை இணைத்துக் கட்டுவது. நடுமரம் தாழ்ந்தும் பக்கமரங்கள் உயர்ந்தும் இருக்கும், முன்னால் அணியம் தனித்துண்டாகக் கூர்ந்து நிற்கும். மரம் அல்பீசியா போன்ற லேசான வகை. லேசான மரம் தண்ணீர் குடிக்கும். அதனால்தான் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே வெயிலில் காயப் போடும் வழக்கம். கட்டை அவிழ்க்காமலே விட்டால் ஒரே வாரத்தில் கலம் கனத்துத் தாழ்ந்து மிதக்கும், துடுப்புப் போடுகிறவர்களின் தோள்பட்டைக்கு அது உடனே தெரியும். கட்டும்போது கயிற்றை நனைத்து இறுக்குங்கள். நைலான் கயிறு நனைந்தால் சற்றே நீளும், காய்ந்தபடி கட்டிவிட்டு அலைவாயில், அதாவது கரையோரம் அலை உடையும் இடத்தில், இறங்கினால் மரங்கள் ஒன்றோடொன்று உரச ஆரம்பிக்கும். ஃபைபர் கட்டுமரத்துக்கு இந்த வேலை இல்லை, ஆனால் மேல்தோலில் சின்ன விரிசல் விழுந்தாலும் உள்ளே இருக்கும் ஃபோம் நீர் குடிக்கும், அதை வெயிலில் காயவைத்து மீட்க முடியாது. மாதம் ஒருமுறை கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்.

தெர்மாகோல் தெப்பம் பல ஊர்களில் ஓடுகிறது. சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும் என்பதுதான் அதன் ஒரே நியாயம். வெயிலிலும் உரசலிலும் அது மணிமணியாக உதிரும், ஒரு பக்கம் உதிர்ந்தால் சமநிலை போய்விடும், உதிர்ந்த மணி அத்தனையும் கடலில்தான் கிடக்கும். குளத்துக்குச் சரி. அலைவாயைத் தாண்டுவதற்கு உகந்ததல்ல.

வள்ளம் என்றால் தண்டு வலிக்க வேண்டும். தண்டைப் பக்கப்பலகையில் உள்ள முளையோடு கயிற்று வளையம் போட்டுக் கட்டுவார்கள். அந்த வளையம்தான் முதலில் அறும், மாற்றுக் கயிறு இரண்டு இருக்கட்டும். உரசும் இடத்தில் எண்ணெய் தடவினால் கைக்கு வேலை மிச்சம். வலிப்பது முதுகும் காலும் சேர்ந்த வேலை. கையால் மட்டும் இழுக்கிறவர் அரைமணி நேரத்தில் களைத்துவிடுவார். எத்தனை பேர் இருந்தாலும் ஒரு தண்டு அல்லது துடுப்பு உபரியாகக் கட்டி வைத்திருக்க வேண்டும், இதில் விதிவிலக்கே கிடையாது.

அலைவாயைத் தாண்டும்போதுதான் அதிக விபத்து. அலைகள் கூட்டமாக வரும். பெரிய அலைகள் சில வந்து முடிந்ததும் கொஞ்ச நேரம் கடல் தணியும். கரையில் நின்று பத்து நிமிடமாவது பார்த்து அந்தத் தணிவின் நீளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பெரிய அலை உடைந்த நுரையின் பின்னாலேயே தள்ளி ஏறி, நிறுத்தாமல் வலிக்க வேண்டும். அணியம் அலைக்கு நேரே நிற்க வேண்டும். பக்கவாட்டில் வாங்கினால் கட்டுமரம் கவிழும், ஆனால் மூழ்காது, புரட்டி ஏறிக்கொள்ளலாம். வள்ளம் நீர் நிறைந்து அங்கேயே நிற்கும், அடுத்த அலை அதை ஆள் மேல் எறியும். திரும்பும்போது கவிழ்ந்தால் கடல் பக்கம் நில்லுங்கள், கலத்துக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவுகள் கட்டிய ஊர்களில் கல்வரிசைக்கு நீரோட்டம் வரும் பக்கத்தில் இறங்குவதும் ஆபத்து. தெண்டி நேரம் என்றால் கல்லுக்குத் தெற்கே இறங்கியவரை நீர் கல்லின் மேலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த மாதங்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: கள்ளக்கடல். காற்றே இல்லாமல், வானம் தெளிவாக இருக்கும்போது, தெற்கே வெகுதொலைவில் கிளம்பிய நெடிய அலை கரையில் வந்து ஏறும். ஏப்ரல், மே மாதங்கள் அதற்குப் பேர்போனவை. 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாள்களில்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. எச்சரிக்கை வந்த நாளில் கலத்தை வழக்கமான இடத்தைவிட இன்னும் மேலே ஏற்றிக் கட்டுங்கள்.

இனி வலை. துடுப்புக் கலத்துக்கு வலையைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் கேள்வி மீன் அல்ல, எடை. இரண்டு பேர் கையால் இழுத்து ஏற்றக்கூடியது 300 முதல் 600 மீட்டர். அதற்கு மேல் ஏற்றினால், நல்ல மீன்பாடு கிடைத்த நாளில்தான் மாட்டிக்கொள்வீர்கள்: மீனோடு கனத்த வலை, ஏறிவரும் காற்று, களைத்த கை.

கவலை, சாளை போன்ற சிறு மீனுக்கு 28 முதல் 34 மில்லிமீட்டர் கண் உள்ள நரம்பு வலை, அதாவது ஒற்றை நைலான் இழை வலை. கானாங்கெளுத்திக்கு 50 பக்கம். கண்ணை இழுத்துப் பிடித்து முடிச்சுக்கு முடிச்சு அளக்கும் அளவு இது. கயிறு கட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 100 மீட்டர் வலையை 50 மீட்டர் மேல்கயிற்றில் ஏற்றினால் வலை தொய்வாக நிற்கும், மீன் சுற்றிக்கொள்ளும். 60 மீட்டர் கயிற்றில் ஏற்றினால் கண் நன்றாக விரிந்து செவுளில் மாட்டும். ஒரே அளவாக வரும் கவலைக்கு விரிப்பு நல்லது. நண்டுக்கும் கலப்பு மீனுக்கும் தொய்வு நல்லது. மிதவையும் ஈயமும் சரியாக இருக்கிறதா என்று கரையோரத் தண்ணீரில் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். மேல்கயிறு நீரில் முங்காமல் மிதக்க வேண்டும், வலை தொங்கும்போது திரி முறுக்காமல் நேராக இறங்க வேண்டும்.

மிதக்கும் வலையை நீரோட்டத்துக்குக் குறுக்கே விடுவது, அடிவலையை நீரோட்டத்தோடு சற்றே சாய்த்து விடுவது. அடிவலையைக் குறுக்கே போட்டால் நீரோட்டம் அதைச் சாய்த்துப் பாசியையும் குப்பையையும் கொண்டுவந்து நிரப்பும். நரம்பு வலை இருட்டிலும் கலங்கிய நீரிலும்தான் பிடிக்கும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் வரும் நாள்கள் நல்லவை. நிலவு உள்ள நாளில், நிலவு எழுவதற்கு முன்போ மறைந்த பின்போ போடலாம். கடல் தானே மினுங்கும் இரவுகளில் வலை முழுவதும் ஒளிக்கோடாகத் தெரியும், மீன் விலகிப் போகும். அன்றைக்குத் தூக்கம் லாபம்.

பாக் நீரிணையில் தடைக்காலத்தின் நல்ல வரும்படி நண்டு. வலை உயரம் ஒன்று, ஒன்றரை மீட்டர் போதும், கண் 90 முதல் 110 மில்லிமீட்டர். மாலையில் போட்டு விடியலில் தூக்குவது. வெயில் ஏறவிட்டால் செத்த நண்டைப் பூச்சி தின்றுவிடும், சதை நீர்த்துப்போகும், விலை பாதியாகும். வலை விடுவதைவிட நண்டைப் பிரிப்பதுதான் நேரம் தின்னும் வேலை. பின்னங்காலிலிருந்து தொடங்கிப் பிரியுங்கள், கொடுக்கு உடைந்தால் ஏலத்தில் கீழே போகும். வயிற்றில் முட்டைக் கொத்தோடு வரும் சினை நண்டை அங்கேயே கடலில் விடுங்கள். கொத்து மஞ்சளாக இருந்தால் முட்டை இளசு, கருத்திருந்தால் பொரிக்க சில நாள்தான் பாக்கி. தடையின் காரணமே மீன் இனப்பெருக்கம் என்று சொல்லிக்கொண்டு சினை நண்டைக் கூடையில் போடுவதில் அர்த்தம் இல்லை, கரையில் அதற்குத் தனி விலையும் இல்லை.

கலங்கல் நீரில் இறாலுக்கு மூன்றடுக்கு டிஸ்கோ வலை, மணல் அடியில் கிழங்கானுக்குச் சிறுகண் வலை. தூண்டிலுக்கு, ஒரே நீளக் கயிற்றில் 100, 200 முள் உள்ள ஆயிரங்கால் தூண்டில் இரண்டு பேருக்குப் போதும். முள்ளுக்கு முள் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி, கூடை விளிம்பில் வரிசையாகக் குத்தி வைத்தால் விடும்போது சிக்காது. இரை கவலைத் துண்டோ கணவாயோ. கணவாய்தான் முள்ளில் நிற்கும், சின்ன மீன் கொத்திப் பிடுங்காது. காற்று சந்தேகமாக இருக்கும் நாளில் தூண்டில் வலையைவிடப் பாதுகாப்பு: ஒரு நிமிடத்தில் அறுத்துவிட்டு வரலாம், இழப்பு சிறிது.

கோடையில் வலையின் பெரிய எதிரி சொறி, அதாவது ஜெல்லிமீன். கூட்டமாக வந்தால் வலைக்கண் முழுவதும் அடைத்து இழுக்க முடியாத கனம் ஆகும், கை, முகம் எல்லாம் எரியும். தண்ணீரில் மூன்று நாலு சொறி கண்ணில் பட்டாலே ஒரு துண்டு மட்டும் போட்டுச் சோதியுங்கள். ஆமையோ, தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளில் கடற்பசுவோ மாட்டினால் வலையை அறுத்து விடுவதுதான் வழி. அந்தக் கரைகளில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-ல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. இரண்டுமே மூச்சு விட மேலே வர வேண்டிய உயிர்கள், வலையோடு கரைவரை இழுத்து வந்தால் செத்துத்தான் வரும்.

பிடித்ததைக் காப்பது துடுப்புத் தொழிலின் பலவீனமான கண்ணி. ஏப்ரல், மே வெயிலில் திறந்த கட்டுமரத்தில் மீன் இரண்டு மூன்று மணி நேரத்தில் கண் மங்கும். வள்ளமானால் சின்னப் பெட்டியில் ஐஸ் கொண்டுபோகலாம், கோடையில் மீனுக்குச் சம எடை ஐஸ் கணக்கு. கட்டுமரத்தில் இடம் இல்லை என்றால் ஈரச் சாக்கு போட்டு மூடி, அடிக்கடி கடல்நீர் தெளித்து வாருங்கள், வெயில் ஏறுமுன் கரை சேருங்கள். விசைப்படகு மீன் வராத காலம் என்பதால் புதுக் கரைமீனுக்கு நல்ல விலை. தடைக்காலத்தில் துடுப்புக்காரர் கையில் நிற்கும் காசு பெரும்பாலும் இந்த விலையிலிருந்தும், மடி இழுத்து வலை அறுபடாமல் இருப்பதிலிருந்தும் வருவது. மீன் அதிகம் கிடைப்பதால் வருவதாக எண்ண வேண்டாம். நம் கடலில் பல மீன்கள் ஆண்டில் பல மாதம் சினை பிடிப்பவை, 61 நாளில் கரையோரம் நிரம்பி வழிந்துவிடாது. அந்த இரண்டு மாதம் வளர்ந்ததில் பெரும்பங்கை ஜூன் 15-க்குப் பிறகு முதல் வாரத்தில் மடிகள் அள்ளுவதும் உண்மை. துடுப்புக்காரர்களின் மனக்குறை நியாயமானதுதான்.

கலத்தில் இருக்க வேண்டியவை: ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், விசில், டார்ச், திசைகாட்டி, நங்கூரமும் ஆழத்தைப்போல் மூன்று மடங்கு கயிறும், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், பிளாஸ்டிக் உறையில் போன், மீனவர் அடையாள அட்டை. கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093. காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் என்று அறிவிப்பு வந்தால் துடுப்புக் கலம் இறங்கவே கூடாது. புறப்படும் நேரமும் திரும்பும் நேரமும் கரையில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசி நாள்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜூன் 14 நள்ளிரவு கழிந்ததும் துறைமுகங்களிலிருந்து விசைப்படகுகள் மொத்தமாகக் கிளம்பும், முதல் நாள் மீன்பாட்டுக்கு எல்லோருக்கும் அவசரம். 13-ஆம் தேதி மாலைக்குப் பிறகு இரவில் கிடக்கும் அடிவலை எதையும் விட்டுவைக்காதீர்கள், துறைமுக வாய்க்கு நேரே மிதவை வலை விடவும் வேண்டாம். விட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு முனையிலும் கொடியும் ஒளிரும் விளக்கும் கட்டி, 3 மைலுக்கு உள்ளே வையுங்கள். அறுபட்டால் படகின் பதிவு எண், நேரம், இடம் மூன்றையும் குறித்து, அறுந்த துண்டோடு அன்றைக்கே மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். நாள் தள்ளிப் போனால் எந்தப் படகு என்று நிரூபிக்க முடியாது.